செயினுக்குப் போட்ட தோல் எண்ணெய்

பெரியவளே, சின்னவனே, நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, சொல்லும்போதெல்லாம் அதில் வரும் நாய்களைப் பெருக்கிக்கொண்டே போகிறீர்கள். போன வாரம் உங்கள் சித்தப்பா வந்தபோது அது நான்கு நாயாகிவிட்டது. இருந்தது ஒரே நாய். அதனால்தான் நானே எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்தலாம். விஷயத்தைத் திருத்தக் கூடாது.

வண்டி பழைய டூ ஸ்ட்ரோக் பைக். வாலாஜாபேட்டையில் யாருடைய மாட்டுக்கொட்டகையிலோ வைக்கோலுக்குப் பின்னால் கிடந்ததைப் பெரியவள் தன் சம்பளத்தில் வாங்கி வந்தாள். ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து வந்து, விளக்கைக் கழற்றி, மட்கார்டை உயர்த்தி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுகிற வண்டியாக அதை மாற்றினாள். உங்கள் அம்மாவுக்கு அது வண்டியாகவே தெரியவில்லை.

"லைட்டு இல்ல, பின்னாடி ஒக்கார சீட்டு இல்ல. இன்னாத்துக்கு இது?"

"மண்ணுல ஓட்றதுக்கும்மா."

"மண்ணுல போறதுக்குத்தான் ஆண்டவன் கால் குடுத்துக்கிறானே."

அந்தச் சமயத்தில்தான் ஏலகிரி அடிவாரத்தில் ஒருவர் தன் மாந்தோப்புக்குப் பின்னால் உள்ள தரிசில் மண் பாதை வண்டிப் பந்தயம் நடத்துகிறார் என்று சின்னவன் போனில் கண்டுபிடித்தான். பெரியவள் அம்மாவிடம் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் உங்கள் அம்மா கத்தவில்லை. கத்தாமல் இருந்தால்தான் இந்த வீட்டில் பயம். பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னாள்.

"போ. முடியிற கோட்ட வண்டி மேல ஒக்காந்துக்கினு தாண்டிட்டன்னா வண்டிய வெச்சிக்கோ. தள்ளிக்கினு வந்தன்னா வித்துட்றோம். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

உங்கள் அம்மா சொன்னால் செய்வாள். உங்களுக்குப் பரீட்சை என்று டிவியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் தங்கை வீட்டில் வைத்தவள். பரீட்சை முடிந்தும் அது திரும்பி வரச் சில மாதம் ஆயிற்று. அதனால் பெரியவளுக்கு அன்று முகம் வெளுத்துவிட்டது. ஜெயிப்பதைப் பற்றி அவள் பேசவே இல்லை. கீழே இறங்காமல் வந்து சேர வேண்டும் என்பது ஒன்றுதான் பேச்சு.

அதைப் பார்த்துத்தான் நான் சொன்னேன். "டயரு, பெட்ரோலு, கிரீஸு மூணும் நான் பாத்துக்கறேன். நீ ஓட்றத மட்டும் பாரு."

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். இதையும் நான் அப்போதே கவனித்தேன். சொல்லவில்லை.

முதலில் டயர். பைபாஸ் ஓரத்தில் டயர் கடை வைத்திருக்கும் பாயை உங்களுக்குத் தெரியும். மேல்விஷாரத்துக்காரர். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தோஸ்த். லாரி டயரும் டிராக்டர் டயரும்தான் அவர் கடையில் ஜாஸ்தி. மண்ணில் ஓட்டும் வண்டிக்கு வேண்டுமென்றால் சொல்லி வரவழைத்துத் தருவார். அதை எல்லாரும் பட்டன் டயர் என்பார்கள். டயரின் மேல் பட்டன் வைத்தது போலக் கட்டை கட்டையாக ரப்பர் நிற்கும்.

நானும் பெரியவளும் போனபோது இரண்டு வகை வரவழைத்து வைத்திருந்தார். ஒன்றில் பட்டன் உயரம், இடைவெளி அதிகம். இன்னொன்றில் குட்டை, நெருக்கம். நான் முதலாவதைக் கையில் எடுத்தேன். ஓரத்தை வளைத்துப் பார்த்தேன். கட்டை விரலால் அழுத்தினேன். மூக்கருகில் கொண்டு போனேன். முப்பது வருடமாகத் தோலைப் பார்த்துப் பழகிய கை. எது கையில் வந்தாலும் அது அப்படித்தான் செய்யும்.

"அரே தோஸ்த்," என்றார் பாய். "அது ஆட்டுத்தோலு இல்ல. மூந்து பாத்தா எந்த ஊரு ஆடுன்னு சொல்லிடுவியா?"

"நல்லாத்தான் கீது. இதையே போடு. எவ்ளோ ஒசரமா இருக்குதோ அவ்ளோ பிடிக்கும்."

"ப்பா," என்றாள் பெரியவள், "கல்லுத் தரையில ஃபுட்பால் ஷூ போட்டுக்கினு நடந்து பாத்திருக்கியா?"

"நான் எங்க நடந்தேன்?"

"கம்பெனியில டெஸ்டுக்குப் போட்டுக்கினு நடப்போம். அடியில இருக்கிற குமிழு வளைஞ்சி வளைஞ்சி காலு வழுக்கும். சேத்துலன்னா அது ராஜா. கட்டாந்தரையில கூஜா."

பாய் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "பாரு, பொண்ணு கேக்குது. சரி, நெலம் எப்டி கீது? சேறா, கல்லா, மணலா? அத சொல்லு, நான் டயர சொல்றேன்."

எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் நிலத்தைப் பார்க்கவில்லை. பொண்ணு பார்க்காமலே தாலி வாங்க வந்துவிட்டீர்களா என்றார் பாய். அடுத்த ஞாயிறு நானும் பெரியவளும் ஏலகிரி அடிவாரத்துக்குப் போனோம். கொடி கட்டி வைத்த பாதையைச் சுற்றி நடந்தோம். பெரும்பாலும் இறுகிய செம்மண். மேலே சரளைக்கல். நடுவில் ஒரு ஓடை, மலையிலிருந்து வருவது. அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை. வெறும் மணல். ஓடையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

நான் மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பெரியவள் குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தாள். குட்டைப் பட்டன்தான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவளுக்கு ஒரு நொடி முன்னால் தோன்றியது என்று வைத்துக்கொள்ளலாம். பாய் டயரை மாட்டி, காற்று எவ்வளவு வைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். ரோட்டுக்கு வைப்பதைவிடக் கம்மியாக வைத்தால் மண்ணில் பிடிக்கும், ரொம்பக் கம்மியானால் கல்லில் டியூப் நசுங்கும். வீல் பேரிங்குக்கு மஞ்சள் கிரீஸ் ஒரு டப்பா கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்.

"இது பேரிங்குக்கு. செயினுக்கு அப்பிடாத தோஸ்த். மண்ணு வந்து ஒட்டிக்கினு உப்புக் காயிதம் மாரி தேய்ச்சிடும். பேஜாரு. செயினுக்கு ஸ்ப்ரே விக்குது, அத வாங்கு."

இதை அவர் சொன்னார். நான் கேட்டேன். இதை நான் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

அடுத்தது பெட்ரோல். இதில் நான் ஜெயித்தேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். கம்மியானால் இன்ஜின் உள்ளே உராய்ந்து பிடித்துக்கொள்ளும். ஜாஸ்தியானால் புகை கக்கி, பிளக்கில் கரி அடைக்கும். சின்னவன் ஒரு வீடியோவில் ஒரு கணக்கும் இன்னொரு வீடியோவில் வேறொரு கணக்கும் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் நின்றான். எனக்கு இது தினப்படி வேலை. எங்கள் தோல் கம்பெனியில் ஆளைவிட உயரமான மரப் பீப்பாய்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரம் என்போம். அதில் தோலைப் போட்டு, தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் உப்பு, இத்தனை சதவீதம் எண்ணெய் என்று அளந்து ஊற்றுவதுதான் என் பிழைப்பு. நூற்றுக்கு மூன்று என்று வைத்து, சாயம் அளக்கும் குவளையில் ஆயிலை அளந்து கலந்தேன். இன்ஜின் ஒரே உதையில் எடுத்தது.

சின்னவன் மழைக்கு முன்பே ஒரு கேனில் பெட்ரோல் வாங்கிப் பின்கட்டில் வைத்திருந்தான். அதைக் கொட்டச் சொன்னதும் நான்தான். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மூடி சரியாக இல்லாமல் மழைக்காலத்தில் கிடந்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி அடியில் இருந்த கோட்டைக் காட்டினேன்.

"எத்தனால்னா இன்னா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"சாராயச் சத்து மாரி."

"வண்டிக்கும் பழக்கி வுட்டுட்டாங்களா?" என்றாள். பிறகு, "அதான் அது நேரா நிக்க மாட்டேங்குது."

சரி, கிரீஸ்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பெரியவள் செயின் ஸ்ப்ரே வாங்கி வரச் சொன்னாள். நானும் கடைக்குப் போனேன். சின்ன டப்பா. கடைக்காரர் என் விரலில் கொஞ்சம் அடித்துக் காட்டினார். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தேன். பிசுக்கே இல்லை. பேன் காற்றிலேயே காய்ந்துவிட்டது. இதை நம்பி என் பெண்ணை அனுப்புவதா என்று வாங்காமல் திரும்பிவிட்டேன்.

என் மண்டையில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மில் கடைசியாகத் தோலுக்கு ஊற்றுகிற எண்ணெயை நாங்கள் ஃபேட் என்போம். மீன் எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தது. அது தோலின் மேலே நிற்காது, உள்ளே இறங்கிவிடும். விறைத்த தோல் அதனால்தான் துணி மாதிரி மடிகிறது. பாய் என்ன சொன்னார்? வெளியே கிரீஸ் நின்றால் மண் ஒட்டும் என்றார். அப்படியானால் உள்ளே இறங்குகிற எண்ணெய்தானே செயினுக்கு வேண்டியது? நியாயம்தானே? இப்போதும் இந்த இடம்வரை எழுதும்போது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கம்பெனியில் கேட்டு, ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் வாங்கி வந்தேன். பாயின் மஞ்சள் கிரீஸில் ஒரு கை எடுத்து அந்த எண்ணெயில் பாதியோடு குழைத்தேன். விரலில் தொட்டு இழுத்தால் நூலாக வந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பெரியவள் வேலையிலிருந்து வருவதற்குள் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்றினேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"ப்பா, இன்னா நாத்தம் இது?"

"அதான் சத்து."

"ஸ்ப்ரே வாங்கினியா இல்லியா?"

"அதவிட ஒஸ்தி."

அவள் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் மட்டும் அன்றைக்குச் சண்டை போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் நல்ல பெண். அதனால் வந்த வினை.

ஞாயிற்றுக்கிழமை பாயின் மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். உங்கள் அம்மா குடையும் புளிச்சோறுமாக முன்சீட்டில். தோப்பில் வண்டியை இறக்கியதும் எங்கிருந்தோ ஒரு செவலை நாய் வந்தது. மற்ற வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு நேராக நம் வண்டிக்கு வந்து, பின்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, செயினை நக்கிப் பார்த்தது. விரட்டினால் நாலடி போய்த் திரும்பி வந்தது.

"தோஸ்த், உன் கிரீஸுக்கு மொத கிராக்கி வந்துட்டாரு," என்றார் பாய். பிறகு முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "செயினுக்கு இன்னா போட்ட?"

நான் பதில் சொல்வதற்குள் பந்தயத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஓடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேனே. நாங்கள் பார்த்துவிட்டு வந்த பிறகு மலையில் மழை பெய்திருக்கிறது. வெறும் மணலாக இருந்த இடத்தில் இப்போது கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. குட்டைப் பட்டன் தண்ணீரில் வழுக்குமோ என்று மட்டும்தான் கவலைப்பட்டேன்.

கொடி விழுந்தது. பெரியவள் நடுவாந்தரத்தில் போனாள். டயர் பிடித்தது. சரளை மேட்டில் மற்ற வண்டிகள் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போக, அவள் கோடு போட்ட மாதிரி ஏறினாள். இன்ஜின் சுத்தமாகப் பாடியது. செவலை நாய் பின்னாலேயே ஓடியது. ஜனம் கைதட்டியது, பாதிக் கைதட்டல் நாய்க்கு. மொத்தம் மூன்று சுற்று.

முதல் சுற்றில் ஓடையைத் தாண்டினாள். இரண்டாவது தடவை தாண்டி மேலே ஏறியபோது பின்சக்கரத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ தெறித்தது. நுரை. என் பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"இன்னாங்க அந்த வண்டியில, சோப்பு போட்டு வுட்டுட்டாங்களா?"

அங்கே நின்ற அத்தனை பேரிலும் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். டிரம்மில் அந்த எண்ணெயை ஊற்றி வெந்நீர் விட்டால் பாலாகிவிடும். தண்ணீரோடு கலந்தால்தான் தோலுக்குள் போகும் என்பதற்காகவே அதை அப்படித் தயாரிக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் எண்ணெய் பாலாவதைக் கண்ணால் பார்க்கிறவன் நான். அதையே கொண்டுபோய்ச் செயினில் பூசி, என் பெண்ணைத் தண்ணீருக்குள் அனுப்பியிருக்கிறேன். தன்னோடு குழைத்த கிரீஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது ஓடையோடு போய்க்கொண்டிருந்தது.

செயின் கத்த ஆரம்பித்தது. காய்ந்த கிணற்று ராட்டினம் கத்துவது மாதிரி. மூன்றாவது சுற்று முழுக்க அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்று பார்க்கவே வேண்டாம், காதால் தெரிந்தது. உங்கள் அம்மா குடையை மூடினாள். என் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

கடைசி இறக்கத்தில் சத்தம் நின்றது. செயின் பல்சக்கரத்தை விட்டுக் கழன்று தொங்கியது. இன்ஜின் ஓடுகிறது, வண்டிக்கு உயிர் இல்லை. இறக்கம் இருந்த வரைக்கும் அதுவாக உருண்டு வந்தது. கோட்டுக்கு ஒரு வீட்டு நீளம் இருக்கும்போது தரை சமமாகி வண்டி நிற்கப் பார்த்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

இறங்கித் தள்ளினால் நொடியில் வந்துவிடலாம். பெரியவள் இறங்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உந்தி, ஊன்றி, உந்தி வந்தாள். பூட்ஸின் மூக்கு சரளையில் தேய்ந்து புழுதி கிளம்பியது. நாய் பக்கத்தில் நடந்து வந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நாய்க்குப் பொறுமை போய், அது முந்திக்கொண்டு தாண்டியது. பிறகு அவள் தாண்டினாள்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "ம்மா, நான் எறங்கல! எறங்கவே இல்ல!"

"காலு ரெண்டும் கீழதானே இருந்துச்சு," என்றாள் உங்கள் அம்மா.

"ஆனா ஒக்காந்துதானே இருந்தேன்!"

சின்னவன் போனை நீட்டினான். அவனை நான் பல விஷயத்தில் குறை சொல்வேன், அன்றைக்கு அவன் எடுத்த வீடியோவைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் அம்மா வெயிலுக்குப் போனைச் சேலைத் தலைப்பால் மறைத்து முழுவதும் பார்த்தாள். திரும்ப ஒரு முறை பார்த்தாள். நாய் கோட்டைத் தாண்டிய இடத்தில் உங்கள் அம்மாவின் தோள் குலுங்கியது. எனக்கு அழுகிறாளோ என்று பயம். சிரிப்பு.

"நாய்க்கு எத்தினியாவது எடம் குடுத்தாங்க?"

"ம்மா, வண்டி?"

"ஒக்காந்துதான் வந்துக்கிற. வெச்சிக்கோ." பெரியவள் கட்டிக்கொள்ள வந்ததை ஒரு கையால் தடுத்தாள். "இரு. உங்கப்பன் கையில கிரீஸ குடுக்க மாட்டேன்னு சொல்லு."

"சத்தியமா குடுக்க மாட்டேன்."

"நான் ஒண்ணு சொல்றேன்," என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க பெட்ரோல மட்டும் பாத்துக்கோங்க," என்றாள் உங்கள் அம்மா. அப்போதுதான் மினி லாரியில் இருந்த பாட்டில் அவள் கண்ணில் பட்டது. "இது என் மாவடு பாட்டிலாச்சே! நாலு நாளா தேடிக்கினு கீறேன்!"

பாய் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மனிதர் சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று. வழியெல்லாம், "தோஸ்த், அடுத்த வாட்டி டயருக்கு சாயம் போட்டு வுடு," என்றுகொண்டே வந்தார்.

இவ்வளவுதான் நடந்தது. நாய் ஒன்று. இனி யார் கேட்டாலும் இதைக் காட்டலாம்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. மறுநாள் எனக்கு மத்தியான ஷிப்ட். நீங்கள் வேலைக்கும் காலேஜுக்கும் போய்விட்டீர்கள். அம்மா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பெரியவளின் பூட்ஸ் வாசல் குழாயடியில் ஓடைச் சேற்றோடு விறைத்துக் கிடந்தது. மூக்கு இரண்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. நேற்று வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தது டயரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இதுதான்.

சேற்றை ஈரத்துணியால் துடைத்தேன். வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று நிழலில் உலர விட்டேன். பிறகு பாட்டிலின் அடியில் மிச்சம் இருந்த எண்ணெயை உள்ளங்கையில் எடுத்துச் சூடு வரத் தேய்த்து, தையல் தையலாக ஏற்றினேன். தேய்ந்த மூக்குக்கு இரண்டு தடவை. தோல் குடித்தது. கொஞ்ச நேரத்தில் மடக்கினால் மடங்கியது. பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி, மாவடு இருந்த அலமாரியிலேயே வைத்தேன்.

பூட்ஸின் கயிறுகளை ஒன்றாக முடிந்து, மாடிப்படிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். கேட்டுக்கு வெளியே படுத்திருந்த நம் தெரு நாய் தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. கழற்றி, இன்னும் உயரமாக ஒரு ஆணி அடித்து, அதில் மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.